கதவுக்கண்

சீனி இப்ராஹிம் கப்பலை விட்டு வந்தபோது
பெட்டியில் சோப்பு, பால்பவுடர், இரண்டு கைக்கடிகாரம்,
கைலிக்குள் சுற்றிய ஒரு மர மனிதன்.
ஒன்றரை முழம்.
வாயில் ஒரு மீன்,
நுழைகிறதா வெளியேறுகிறதா தெரியவில்லை.
விலாவைச் சுற்றிப் பறவை, பாம்பு,
சுண்ணாம்பு, காவி, கரி.
ஒரு கண் இருந்தது.
மற்றது குழி.

"தொழுகிற வீட்டில் இது வேண்டாம்"
என்றாள் ஜுலைகா.
கோபமில்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது
என்பதுபோல.
அப்படித்தான் கீழக்கரையில்
என் சிப்பிக் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தது,
ஐவிரல் சங்குக்கும் யானைமுள்ளிக்கும் நடுவே
சாக்கில் சாய்ந்து.

அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்.
அது கண்ணே அல்ல.
நத்தை உள்ளே போனபின்
இழுத்துச் சாத்திக்கொள்ளும் மூடி.
பூனைக்கண் என்று மோதிரக்காரர்கள் வாங்குவார்கள்,
நான் எடைபோட்டுத் தருவேன்.
இருபத்திரண்டு வருடம் எடைபோட்டவனுக்கு
ஒருமுறையும் தோன்றாதது
அங்கே எவனுக்கோ தோன்றியிருக்கிறது:
செத்தவன் முகத்தில்
கதவை வைக்கலாம் என்று.

"கவியெங் துறையில் எஞ்சின் மக்கர்.
பதினெட்டு நாள்.
இறந்தவருக்காகச் செதுக்குவாங்களாம்.
பன்றி வளர்த்து, கிழங்கு நட்டு,
வருசக்கணக்காக் காத்திருந்து
ஒருநாள் வேலியைப் பிரிச்சுக் காட்டுவாங்க.
ஊரே பார்க்கும்.
பார்த்து முடிஞ்சா அவ்வளவுதான்.
எரிப்பாங்க, மழையில போடுவாங்க,
கப்பல்காரன் வந்தா விற்பாங்க."

இது யார் என்று கேட்டேன்.

"பேர் சொன்னான்.
சிங்கப்பூர் வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு."

நகக்கண்ணில் படிந்த கிரீஸைச் சுரண்டியபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.
நான் என்ன சொல்ல?
வாலைத் தீவுக்கு அப்பால் சங்கு குளிக்கப் போய்
வராமல் போனவர் என் அப்பா.
ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில்
இடுப்பளவு தண்ணீரில் நிற்பேன்.
மூன்று தலைமுறை சொல்லு என்பார் ஐயர்.
நம்புவேல்.
காளிமுத்தன்.
மூன்றாவதில் நின்றுவிடுவேன்.
பரவாயில்லை என்று அவரே
ஏதோ ஒரு சாமி பேரைப் போட்டு
எள்ளை இறைக்கச் சொல்வார்.
எங்கள் ஆட்களுக்கு மூக்கு கிடையாது, வாய் கிடையாது.
ஒரு பிடிச் சோறு.
அலை வந்து உருட்டிப் பார்த்துவிட்டு
எடுத்துக்கொள்ளும்.

ஏழு மூட்டை அவிழ்த்துக் கொட்டினேன்.
அப்பாத் தீவுப் பக்கம் எடுத்த நத்தையில்
ஒன்று கிடைத்தது.
கொஞ்சம் சிறிது, பச்சை கூடுதல்.
பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி,
நூறு எண்ணும்வரை எடுக்கவில்லை.
எண்ணும்போது மூச்சுவிட்டேனா தெரியாது.

இரண்டும் ஒத்துப்போகவில்லை.
அந்தக் கடலின் கண் என்னைப் பார்க்கிறது.
இந்தக் கடலின் கண்
என் தோளுக்கு மேலே
யார் வருகிறார்கள் என்று பார்க்கிறது.

ஐப்பசியில் சீனி மறுபடி கப்பல் ஏறினான்.
நாலாம் நாள் ஜுலைகா வந்தாள்,
சோழி விலை கேட்பவள்போல.
நான் போர்த்தியிருந்த துண்டை விலக்கி
நின்று பார்த்தாள்.

"பேர் என்னவாம்?"

"மறந்துட்டாராம்."

"அந்த மனுசனுக்கு
எங்க நிக்காஹ் தேதியே மறந்துபோகும்."
சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி
அதன் காலைக் காட்டினாள்.

பாதத்திலிருந்து மேலே
விரல் அகல மண் கோடு.
கரையான்.

மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வந்தேன்.
மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.
பல்லால் திருகினேன்.

"மழையில போடுறதுதானே அவங்க வழக்கம்?"
என்றாள். கேள்வியா, தெரியவில்லை.
துண்டைப் பழையபடி போர்த்தவுமில்லை.

டின் கையிலேயே இருக்கிறது.
கோடு முழங்காலைத் தொட
இன்னும் நாலு விரல்.
வாடை திரும்பியிருக்கிறது போல,
கிட்டங்கித் தகரத்தில்
ஒன்றிரண்டாய்த் தூறல்.